ஸ்படிகம் கண்ட பிறகு

பதினேழாம் நூற்றாண்டு லண்டன் மாநகரில் பெரும்புகழ் பெற்ற வைத்தியராக விளங்கிய தாமஸ் சிடன்ஹாம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் காலையே ஆராய்ச்சிக் கூடமாகக் கொள்ள நேர்ந்த துர்ப்பாக்கியசாலி. கீல்வாயுவைப் பற்றி அவர் 1683-ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில், யாதொரு குறையுமின்றிப் படுக்கச் சென்றவன் இரவு இரண்டு மணி அளவில் கால் பெருவிரலில் எழுந்த வலியால் திடுக்கிட்டு விழிப்பதையும், போர்வையின் பாரத்தைக்கூடத் தாங்கமாட்டாமலும், அறைக்குள் ஒருவர் நடந்தால் உண்டாகும் அதிர்வைக்கூடப் பொறுக்கமாட்டாமலும் அவன் விடியும்வரை புரள்வதையும் வருணித்திருக்கிறார். அனுபவித்தவன் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. அந்த வருணனையில், வலியைப் பற்றிய பேச்சின் வெள்ளத்தில் மூழ்கிப்போய்விடக்கூடிய சிறு குறிப்பு ஒன்று உண்டு: வலி தொடங்கும்போதே குளிரும் நடுக்கமும் இலேசான ஜுரமும் கூடவே வருகின்றன என்பது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தச் சிறு குறிப்பிலிருந்து பிறக்கும் சங்கடத்தைப் பற்றியதுதான். ஏனெனில் குளிர், நடுக்கம், ஜுரம், சிவந்து வீங்கிய மூட்டு என்னும் அதே லட்சணங்களோடுதான், முற்றிலும் வேறான, சில நாட்களில் மூட்டையே அழித்துவிடக்கூடிய, சில சமயம் உயிரையே கொண்டுபோகக்கூடிய மற்றொரு நோயும் வருகிறது.

கீல்வாயு என்னும் பெயரை நம் மக்கள் பல மூட்டு நோய்களுக்கும் பொதுவாக வழங்குவார்கள். இங்கே அதை மேல்நாட்டு வைத்தியம் கவுட் என்று குறிக்கும் நோய் ஒன்றுக்கே உரியதாகக் கொள்வோம். சரக சம்ஹிதை வாதரக்தம் என்று தனி அத்தியாயம் வகுத்துப் பேசும் நோயும் இதற்கு மிகவும் நெருங்கியது. இரத்தத்தில் ஓடும் யூரிக் அமிலம், ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்துவிட்டால், உடலின் சூட்டிலும் முற்றக் கரைந்து நிற்க இயலாமல், கால்விரலைப் போன்று உடம்பின் நடுவிடத்தைக் காட்டிலும் குளிர்ந்திருக்கும் பாகங்களில் சோடியம் யூரேட் என்னும் ஊசி வடிவான ஸ்படிகங்களாக உறையத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடக்கும் அந்த ஸ்படிகங்கள் ஒரு நாள் மூட்டுக்குள் இருக்கும் நீரில் உதிரும்போது, உடம்பு அவற்றைப் பகைவரெனக் கொண்டு போர் தொடுக்கிறது. அந்தப் போரின் சூடும் வீக்கமுமே நோயாளி அறியும் கீல்வாயு. முழங்காலில் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் போலிக் கீல்வாயு என்பது ஒன்று உண்டு; அதிலும் இதே கதைதான், ஸ்படிகம் மட்டும் யூரேட் அன்று, கால்சியம் பைரோபாஸ்பேட்.

மற்ற நோய் சீழ்மூட்டு. தோலிலுள்ள புண் வழியாகவோ, வேறோர் உறுப்பில் தங்கியிருந்து இரத்தத்தின் வழியாகவோ கிருமிகள் மூட்டை அடைகின்றன. பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன; பிற சவ்வுகளுக்குக் கீழே வேலிபோல் அமைந்திருக்கும் அடித்தளப் படலமோ அதற்கு இல்லை; ஆகவே இரத்தத்தில் வந்த கிருமிக்கு உள்ளே நுழைவது எளிது. நுழைந்தபின், இரத்தக் குழாயே இல்லாத குருத்தெலும்பு கிருமியின் நஞ்சுக்கும், அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் கக்கும் என்சைம்களுக்கும் நடுவில் அகப்பட்டுச் சில நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. ஒருமுறை போன குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. சீழ்மூட்டு கண்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், சிகிச்சை கிடைத்தும், உயிரிழக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இதைத் தவறவிடுவது எத்தகைய பிழை என்பது விளங்கும்.

ஒரு தெருவில், மாதம் இருமுறை குடித்துவிட்டு வந்து பாத்திரங்களை உருட்டிக் கூச்சலிடும் ஒருவன் குடியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கூச்சலுக்குத் தெருவே எழுந்து ஓடிவரும். பத்தாம் முறை, "அவன்தான்" என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுக்கும். அந்த வீட்டில் கள்ளன் புகும் இரவில் எழுகிற கூச்சலும் அதே கூச்சல்தான். யார் எழுந்து வருவார்கள்? பல ஆண்டுகள் கீல்வாயுவோடு வாழ்ந்த ஒருவருடைய மூட்டில் கிருமி புகுந்தால் நேர்வதும் இதுவே. நோயாளியே "இது எனக்குப் பழகின வலிதான் டாக்டர், அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். வைத்தியரும் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இரண்டு கூச்சலும் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் கற்பனையன்று, உடலின் அமைப்பிலேயே உள்ளது. 2006-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூர்க் சாப் குழுவினர், யூரேட் ஸ்படிகத்தை விழுங்கிய வெள்ளணுவுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதத்தை மையமாகக் கொண்ட ஓர் எச்சரிக்கைப் பொறி விழித்துக்கொண்டு, இன்டர்லூகின்-1 என்ற அழற்சித் தூதனை வெளியே அனுப்புகிறது என்று காட்டினார்கள். இதே பொறி கிருமிகளின் நஞ்சுகளுக்கும் விழித்துக்கொள்வது. ஆதலால் உடம்பு ஸ்படிகத்துக்கு ஒரு மணியும் கிருமிக்கு வேறொரு மணியும் அடிப்பதில்லை. ஒரே மணிதான், அதே ஓசைதான். இது தெரிந்த பிறகு, இரத்தத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்ற ஆசை எவ்வளவு வலுவற்றது என்பதும் தெரிந்துவிடுகிறது. இரத்த வெள்ளணுக்கள் இரண்டிலும் பெருகும், சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்று எழுதி அனுப்பப்படும் பரிசோதனைகள் இரண்டிலும் ஏறும். யூரிக் அமில அளவோ இன்னும் பெரிய வஞ்சகன்: கீல்வாயு உச்சத்தில் இருக்கும்போதே, சிறுநீரகம் அதை அதிகமாக வெளியேற்றுவதால், அளவு சாதாரணமாகக் காணப்படுவது உண்டு, அளவு கூடியிருப்பவர்களுக்கோ கிருமி தொற்றாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. புரோகால்சிடோனின் என்று ஒரு பரிசோதனை அண்மைக் காலத்தில் பேசப்படுகிறது. அது நன்றாக உயர்ந்திருந்தால் கிருமியைச் சந்தேகிக்கலாம், ஆனால் உயரவில்லை என்பதைக் கொண்டு கிருமி இல்லை என்று நிம்மதி அடைய முடியாது.

ஜுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜுரம் இல்லாவிட்டால் சீழ் இல்லை என்ற நம்பிக்கை வைத்தியர்களிடையேயும் ஆழமாக வேரூன்றியது. அதுவரை வெளியான ஆராய்ச்சிகளைத் திரட்டி 2007-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த பரிசீலனையில், சீழ்மூட்டு கண்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்குத்தான் ஜுரம் இருந்ததாகத் தெரியவந்தது. சிடன்ஹாமின் கீல்வாயுவுக்கு ஜுரம் உண்டு. சீழ்மூட்டுக் கண்டவர்களில் பலருக்கு ஜுரம் இல்லை. தெர்மாமீட்டர் இங்கே சாட்சி சொல்ல வந்து இரண்டு கட்சிக்கும் பேசிவிட்டுப் போகிறது.

எஞ்சி நிற்பது ஒரே வழி. அனுமானத்தை விட்டுப் பிரத்தியட்சத்துக்கு வருவது, அதாவது மூட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அதிலுள்ள நீரை இழுத்துப் பார்ப்பது. இதன் பூர்வ சரித்திரம் சுவையானது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளின் மேதையுமான லேவன்ஹூக், 1679-ஆம் ஆண்டிலேயே கீல்வாயுக்காரர் ஒருவரின் தோல் முடிச்சிலிருந்து வந்த சுண்ணாம்பு போன்ற பொருளைத் தம் கண்ணாடியின் கீழ் வைத்து, இருபுறமும் கூர்த்த, ஒளி ஊடுருவும் நுண்ணிய ஊசிகளைக் கண்டு எழுதிவைத்தார். அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது, ஏனெனில் யூரிக் அமிலத்தை ஸ்வீடன் தேசத்து ஷீலே சிறுநீர்க் கல்லிலிருந்து பிரித்தெடுத்தது 1776-இல்தான். 1797-இல் வுல்லஸ்டன் கீல்வாயு முடிச்சில் அதே பொருள் இருப்பதைக் காட்டினார். 1848-இல் ஆல்பிரட் காரட் கீல்வாயுக்காரரின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதைக் காட்டினார். 1899-இல் பிராய்ட்வைலர் என்பவர் யூரேட் ஸ்படிகங்களைத் திசுக்களில் செலுத்தினால் அழற்சி உண்டாகும் என்றுகூடக் காட்டிவிட்டார். இவ்வளவும் இருந்தும், வீங்கிய மூட்டிலிருந்து நீரை எடுத்து அதில் ஸ்படிகத்தைத் தேடுவது என்ற சாதாரண யோசனை வைத்தியசாலைகளில் வழக்கத்துக்கு வர 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவ சரித்திரத்தில் இப்படிப்பட்ட சோம்பல்கள் பல உண்டு.

அந்த ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும், கற்களின் ஸ்படிக அமைப்பை ஆராய நிலவியல் வல்லுநர்கள் கையாளும் தளவிளைவு நுண்ணோக்கியை மூட்டுநீரின்மேல் திருப்பினார்கள். அதில் தக்க வடிகட்டியைப் பொருத்திப் பார்த்தால் பார்வைத் தளம் முழுவதும் செம்மை கலந்த ஊதா நிறமாக விரிந்து கிடக்க, அதன் நடுவே யூரேட் ஊசிகள், வடிகட்டியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும்போது மஞ்சளாகவும், குறுக்காகக் கிடக்கும்போது நீலமாகவும் சுடர்விடுகின்றன. மறு ஆண்டில், கீல்வாயு என்றே கருதப்பட்ட சிலருடைய மூட்டுநீரில், நிறங்கள் தலைகீழாகத் தோன்றும் வேறுவகைச் சிறு கட்டிகளைக் கண்டு, போலிக் கீல்வாயுவையும் மெக்கார்ட்டியின் குழு பிரித்தெடுத்தது. அதே 1962-இல் அவரும் அவருடைய துணைவர் ஃபேர்ஸும் செய்த காரியத்தை வாசகர் நம்புவது கடினம்: ஸ்படிகமே நோய்க்குக் காரணம் என்பதை நிலைநாட்ட, கிருமி நீக்கிய யூரேட் ஸ்படிகங்களைத் தங்கள் முழங்கால்களிலேயே செலுத்திக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் கீல்வாயு அவர்களை முழு உக்கிரத்தோடு பிடித்துக்கொண்டது. கிருமி ஒன்றுகூட இல்லாமல், வெறும் உப்புத் துகளால் சீழ்மூட்டைப் போன்ற தோற்றம் உண்டாகலாம் என்பதற்கு இதைவிட நேரான ருசு வேண்டுவதில்லை.

இந்தப் பெரும் வெற்றியிலிருந்துதான் ஒரு புதிய பிழை பிறந்தது. யூரேட் ஸ்படிகத்தைக் கண்டால் கீல்வாயு என்பது நிச்சயம். ஆகவே ஸ்படிகத்தைக் கண்டால் கிருமி இல்லை என்பதும் நிச்சயம் என்று மனம் ஒரு படி தாவிவிடுகிறது. முதல் வாக்கியம் மெய். இரண்டாவது அதிலிருந்து வருவதே அன்று. கள்ளன் புகுந்த இரவில் குடிகாரனும் வீட்டில்தான் இருக்கிறான். விளக்கோடு சென்று அவனைக் கண்டவர், வீட்டின் மற்ற அறைகளைப் பாராமலே திரும்பிவிட்டால் யாரை நோவது? அதுமட்டுமன்று, கள்ளன் பாத்திரங்களில் இடறி அவனை எழுப்பிவிடுவதும் உண்டு: கிருமியால் பொங்கிய என்சைம்கள் குருத்தெலும்பை அரிக்கும்போது, அதில் ஆண்டுக்கணக்காகப் புதைந்திருந்த ஸ்படிகங்கள் மூட்டுநீரில் உதிர்ந்து விழுகின்றன. அப்போது ஸ்படிகம் காணப்படுவது கிருமி இல்லை என்பதற்குச் சாட்சியாகாமல், கிருமியின் வேலைக்கே சாட்சியாகிவிடுகிறது. ஸ்படிகம் காணப்பட்ட மூட்டுநீர்களை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்திய ஆராய்ச்சிகளில், ஒன்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரையும் மற்றொன்றில் ஏறத்தாழ ஐந்தும் கிருமி வளர்ந்தவையாக இருந்தன. சிறிய எண்தான், ஆனால் கீல்வாயு எவ்வளவு பரவலான நோய் என்பதை நினைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.

ஆதலால் இழுத்த நீரிடம் ஒரு கேள்வியோடு நிற்கலாகாது. ஆரோக்கியமான மூட்டுநீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். கன மில்லிமீட்டருக்கு 200-க்கு மேல் வெள்ளணுக்கள் அதில் இரா. அழற்சி கண்ட மூட்டில் அது 2,000-த்தைக் கடந்து மங்கலாகும். 50,000-த்தைக் கடந்தால் கிருமியை நினைக்க வேண்டும். 1,00,000-த்தைக் கடந்தால் கிருமியென்றே கொண்டு நடக்க வேண்டும். ஆனால் இந்த எல்லைகள் வயலில் போட்ட வரப்புகளைப் போன்றவை, மழை பெய்தால் மறைந்துவிடும்: கடுமையான கீல்வாயு தனியாகவே லட்சத்தைத் தொடுவது உண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் சீழ்மூட்டு இருபதாயிரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. மூட்டுநீரிலுள்ள லாக்டேட் மிகுந்திருத்தல், சர்க்கரை குறைந்திருத்தல் முதலியனவும் தராசின் தட்டை ஒரு பக்கம் தாழ்த்துமேயொழியத் தீர்ப்புச் சொல்லமாட்டா. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட சாய முறைப்படி நீரைத் தோய்த்துப் பார்த்தால் கிருமியை அப்போதே கண்ணால் காணலாம். கண்டால் வழக்கு முடிந்தது. காணாவிட்டால் முடியவில்லை, ஏனெனில் சீழ்மூட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில்தான் அந்தச் சாயத்தில் கிருமி தென்படுகிறது. இறுதித் தீர்ப்பு வளர்ப்புச் சோதனைக்கே உரியது. அதற்கு ஒன்றிரண்டு நாட்களேனும் வேண்டும், சில கிருமிகளுக்கு இன்னும் அதிகம். நீரில் ஒரு பங்கை இரத்த வளர்ப்புப் புட்டிகளில் அங்கேயே செலுத்திவிடுவது பலன் கூட்டும். இரத்தத்தையும் உடன் அனுப்புவது நல்லது, மூட்டில் வளராத கிருமி இரத்தத்தில் வளர்ந்து அகப்படுவதுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக இந்தச் சோதனையைக் கெடுப்பது அவசரமாகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்தே. நீரை எடுப்பதற்கு முன்பே இரண்டு வேளை மாத்திரை உள்ளே போய்விட்டால், மூட்டில் கிருமி உயிரோடு பதுங்கியிருக்க, புட்டியில் மட்டும் அது வளராமல் போகக்கூடும்; பரிசோதனைச் சாலை "கிருமி இல்லை" என்று எழுதி அனுப்பும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். வலி நிவாரணத்தை வைத்து நோயை நிர்ணயிப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த ஏமாற்றுதான். கீல்வாயுவுக்குத் தொன்றுதொட்டு வழங்கும் கால்கிசின் என்னும் மருந்தைக் கொடுத்து, வலி தணிந்தால் கீல்வாயு என்று முடிவுகட்டிய காலம் ஒன்று இருந்தது. போலிக் கீல்வாயுவும் அதற்குத் தணியும் என்று தெரிந்த பிறகு அந்தத் தர்க்கம் உதிர்ந்தது. 1820-இல் பாரிஸ் நகரத்தின் பெல்லத்தியேயும் காவாந்துவும் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த இந்த மருந்து, மகளிர் விரலுக்கு உவமையாக நம் புலவர்கள் பாடிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் நிறைந்திருக்கிறது என்பதும், அதன் விதைக்காகவே தமிழ்நாட்டில் அது பயிரிடப்படுகிறது என்பதும் நம்மவர் பலருக்குத் தெரியாது. கிழங்கு கொடிய நஞ்சு என்பதை மட்டும் கிராமத்தார் நன்கு அறிவார்கள். ஸ்டீராய்டு மருந்தின் மாயமோ இன்னும் அபாயமானது. கிருமியால் உண்டான வீக்கத்தையும் அது சில நாட்கள் அடக்கிக் காட்டும், அதற்குள் உள்ளே அழிவு நடந்துகொண்டே இருக்கும். சந்தேகம் தீரும்வரை மூட்டுக்குள் ஸ்டீராய்டைச் செலுத்துவதில்லை என்று அனுபவமுள்ள வைத்தியர்கள் கைகட்டி நிற்பது இதனால்தான்.

கிருமிக்கு இடம்கொடுக்கும் உடம்பு எது என்று கேட்டால், அது பல சமயங்களில் கீல்வாயுக்காரரின் உடம்பாகவே இருக்கிறது என்பது இந்தக் கதையின் கொடுமை. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் முதுமையும் இரண்டு நோய்களுக்கும் பொதுவான விருந்தினர். நாட்பட்ட கீல்வாயுவில் தோலுக்கடியில் திரளும் யூரேட் முடிச்சு உடைந்து வெண்பொருள் கசியும்போது, அந்த வாயிலே கிருமிக்கு ராஜபாட்டையாகிவிடுகிறது. இத்தகைய ஒருவர் முழங்கால் வீங்கி வந்து நிற்கும்போது, அவருடைய பழைய சீட்டில் கீல்வாயு என்று எழுதியிருப்பது அவரைக் காப்பாற்றுவதில்லை, கேட்பவரின் காதை அடைக்கிறது. 2006-இல் பிரிட்டனில் வெளியான வைத்திய நெறிமுறை இதை நேராகவே கூறிவிட்டது: சில நாட்களுக்குள் சூடேறி வீங்கி, தொட்டால் வலித்து, மடக்க முடியாமல் நிற்கும் மூட்டை, ஜுரம் இல்லாவிட்டாலும், வேறென்று நிரூபிக்கப்படும்வரை சீழ்மூட்டென்றே கொள்ள வேண்டும். ஆகவே ஸ்படிகம் கண்ட பிறகும், ஐயம் இருந்தால், நீரை வளர்ப்புக்கு அனுப்பிவிட்டு உடனே ஆன்டிபயாடிக்கைத் தொடங்கி, புட்டிகள் பேசும்வரை காத்திருந்து, பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பதே முறை. இரண்டு நாள் மருந்து வீணாய்ப் போனால் போகட்டும் என்பது என் அபிப்பிராயம்; இரண்டு நாள் வீணாய்ப் போனால் மூட்டைத் திரும்ப வாங்க முடியாது.

கீல்வாயு உள்ள வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தடவை வலி பழகாத மூட்டில் வந்திருந்தாலோ, வழக்கமான மாத்திரைக்கு வழக்கமான நாளில் அடங்காவிட்டாலோ, காலில் புண்ணோ, அண்மையில் அறுவைச் சிகிச்சையோ மூட்டில் ஊசியோ இருந்தாலோ, "பழகின வலிதான்" என்று தொடங்காமல் இவற்றையே வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். மூட்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால் அந்த ஊசிக்கு அஞ்ச வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் அதற்கு முன் விழுங்கிவிட்டுப் போகாதீர்கள்.